ஆன்லைன் கேமில் வசையும் சீண்டலும் வந்தால்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

கேமில் யாராவது கேவலமாகத் திட்டினால் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் பதிலுக்குத் திட்டுவார்கள். பிறகு பிளாக் செய்வார்கள். ஆட்டம் முடிந்த பிறகுதான் ரிப்போர்ட் பொத்தான் எங்கே என்று தேடுவார்கள். அதற்குள் சாட் மறைந்துபோயிருக்கும், திட்டியவர் பெயரை மாற்றியிருப்பார், கையில் ஒரு ஸ்க்ரீன்ஷாட்கூட இருக்காது. பதிலுக்குத் திட்டியது பதிவாகி, பாதிக்கப்பட்டவரின் கணக்குக்கே தடை விழுவதும் உண்டு.

முன்னேற்பாடு, பதிவு, மியூட், ரிப்போர்ட், பிளாக். இந்த வரிசையை மாற்றாமல் செய்தால் பெரும்பாலான தொல்லைகளைச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். கீழே வருவது கணினி, கன்சோல், மொபைல் மூன்றுக்கும் பொருந்தும். மெனுவின் பெயர்கள் கேமுக்குக் கேம் கொஞ்சம் மாறும்.

1. ஆட்டத்துக்கு முன்: வாசல்களை மூடிவையுங்கள்

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். ஆனாலும் பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான், ஏனென்றால் அப்போது எந்தப் பிரச்சினையும் இருக்காது.

பெயரில் தொடங்குங்கள். கேமில் வைக்கும் பெயரில் உங்கள் உண்மைப் பெயர், பிறந்த ஆண்டு, ஊர், சாதி, பள்ளி, கல்லூரி எதுவும் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் வைத்திருக்கும் அதே பெயரையும் வைக்காதீர்கள். கோபத்தில் இருக்கும் ஒருவர் உங்கள் கேம் பெயரை அப்படியே தேடுபொறியில் போட்டுப் பார்ப்பார், அதுதான் அவருக்கு எளிய வழி. அங்கே எதுவும் கிடைக்காவிட்டால் பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள்.

அடுத்து, யார் உங்களைத் தொடர்புகொள்ளலாம் என்பது. நண்பர் அழைப்பு, தனிச்செய்தி, பார்ட்டி (சேர்ந்து ஆடும் குழு) அழைப்பு மூன்றும் தனித்தனி அமைப்புகள். ஒன்றை மூடினால் மற்றவை தாமாக மூடிக்கொள்ளாது. கணினி கேம்களை வாங்கி ஆடும் ஸ்டீம் தளத்தில், ப்ரொஃபைல் தனியுரிமைப் பக்கத்தில் ப்ரொஃபைல், விளையாடும் கேம்கள், நண்பர் பட்டியல், இன்வென்டரி (சேர்த்துவைத்த கேம் பொருட்கள்), ப்ரொஃபைலில் கருத்து எழுதும் உரிமை ஆகிய எல்லாவற்றையும் தனித்தனியே ‘நண்பர்கள் மட்டும்’ என்று மாற்ற வேண்டும். கருத்து எழுதும் உரிமையைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள். தோற்றுப்போன எதிராளி ஆட்டம் முடிந்ததும் ப்ரொஃபைலில் வந்து வசை எழுதிவிட்டுப் போவது அந்த வழியாகத்தான். கேம் ஆடுபவர்கள் பேசிக்கொள்ளும் டிஸ்கார்ட் செயலியில், ஒரே சர்வரில் (குழுவில்) இருப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக முன்பின் தெரியாதவர் தனிச்செய்தி அனுப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். அதை ஒவ்வொரு சர்வருக்கும் தனியாகவும் மாற்றலாம்.

எதிரணியோடு பேசும் சாட்டை மூடிவைத்தே தொடங்குங்கள், தேவைப்பட்டால் திறந்துகொள்ளலாம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கேமில் இதையே ஒருமுறை எல்லோருக்கும் இயல்பு நிலையாக்கினார்கள். வசைச் சாட் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சாட்டைப் பயன்படுத்தியவர்களின் அளவோ ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. வேண்டுமென்று திறப்பவர் பேசத்தான் திறக்கிறார், வாய்க்கு வந்ததைக் கொட்டுபவருக்கு அந்த ஒரு சொடுக்கே தடையாகிவிடுகிறது.

கடைசியாக, சொல் வடிகட்டி. ஸ்டீம், வேலரன்ட் போன்றவற்றில் உங்களுக்கென்று ஒரு தடைச்சொல் பட்டியல் போடலாம். கேமோடு வரும் வடிகட்டி ஆங்கிலச் சொற்களை நன்றாகப் பிடிக்கும். ஆங்கில எழுத்தில் அடிக்கப்படும் தமிழ் வசையைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆகவே உங்களை உண்மையிலேயே காயப்படுத்தும் சொற்களை, அவற்றை மூன்று நான்கு விதமாக எழுதக்கூடிய எழுத்துக்கூட்டல்களோடு, நீங்களே சேர்த்துவிடுங்கள். சாதியைச் சொல்லித் திட்டும் சொற்களை மறக்காதீர்கள். அவை எந்தக் கேமின் இயல்புப் பட்டியலிலும் இருக்கும் என்று நம்ப முடியாது.

2. பதிவு வசதியைச் சோதித்துவிட்டு ஆடுங்கள்

வசை வந்த பிறகு பதிவுப் பொத்தானை அழுத்தினால், அதன் பின் வரும் மௌனம்தான் பதிவாகும். கடந்துபோன நொடிகளைத் திரும்ப எடுக்கும் வசதி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

விண்டோஸில் கேமிங் அமைப்புகளில் பின்னணிப் பதிவை இயக்குங்கள். பிறகு விண்டோஸ், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடைசி 30 விநாடிகள் சேமிக்கப்படும். அந்த 30 விநாடியை 2 அல்லது 3 நிமிடமாவது நீட்டிவைப்பது நல்லது, ஏனென்றால் வசைக்கு முன் நடந்ததும் பதிவில் இருந்தால்தான் சண்டையை யார் தொடங்கினார் என்பது தெரியும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தப் பதிவைச் செய்யும் விண்டோஸ் கேம் பார் இயல்பாக அந்தக் கேமின் ஒலியை மட்டுமே பிடிக்கும். கேமுக்குள் இருக்கும் வாய்ஸ் சாட் அதில் வந்துவிடும், தனியாக ஓடும் டிஸ்கார்ட் குரல் வராது. பதிவைத் திறந்து பார்த்தால் துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கும். ஒலி அமைப்பில் ‘எல்லா ஒலியும்’ என்று மாற்றுங்கள். ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள் வைத்திருப்பவர்கள், கடந்துபோன நொடிகளைச் சேமிக்கும் அதன் ரீப்ளே பஃபர் வசதியைப் பயன்படுத்தலாம்.

பிளேஸ்டேஷன் 5-ல் வாய்ஸ் சாட்டின் கடைசி 5 நிமிடம் கன்சோலிலேயே தங்கியிருக்கும், அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி ரிப்போர்ட்டோடு அனுப்பலாம். எக்ஸ்பாக்ஸில் 2023 முதல் 60 விநாடிக் குரல் துண்டைப் பிடித்துவைக்கும் வசதி உண்டு. பிடித்த துண்டு 24 மணி நேரம்தான் இருக்கும், அதற்குள் அனுப்பிவிட வேண்டும்.

மொபைலில் நிலைமை மோசம். கேம் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பல போன்களில் திரைப் பதிவு படத்தை மட்டும் எடுத்து ஒலியை விட்டுவிடும். ஒரு நண்பரை அழைத்து, பயிற்சி ஆட்டத்தில் அவரைப் பேசவைத்து, பதிவில் குரல் கேட்கிறதா என்று இன்றே பாருங்கள். கேட்காவிட்டால் பக்கத்தில் இன்னொரு போனை வைத்து, ஸ்பீக்கரில் வரும் ஒலியைப் பதிவு செய்வதுதான் வழி. தரம் குறைவாக இருந்தாலும் சொல் புரிந்தால் போதும்.

3. வந்திருப்பது எது என்று பிரித்துப் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. ஆடத் தெரியவில்லை என்று கிண்டல், தோற்ற எரிச்சலில் ஒரு கெட்ட வார்த்தை, வேண்டுமென்றே வழியை மறித்து நிற்பது ஆகியவை சீண்டல். சாதி, மதம், நிறம், இனம், மொழி, பாலினம், உடல் குறைபாடு ஆகியவற்றைக் குறிவைத்து வருவது வெறுப்புப் பேச்சு. ‘உன் வீடு எங்கே என்று தெரியும்’ என்பதும், தற்கொலை செய்துகொள்ளத் தூண்டுவதும் வேறு வகை, அவற்றை மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சீண்டலுக்கு மியூட் போதும். வெறுப்புப் பேச்சுக்கு ரிப்போர்ட் கட்டாயம், இன்று உங்களுக்கு வலிக்காவிட்டாலும் சரி. அந்த ஆள் அடுத்த ஆட்டத்தில் வேறொருவரிடம் அதையே பேசுவார், அந்த இன்னொருவர் 12 வயதுப் பிள்ளையாக இருக்கலாம். மிரட்டல் என்றால் நேராக 8-ஆம் படிக்குப் போங்கள்.

4. முதல் 10 விநாடி: பதிவு, பிறகு மியூட், பதில் வேண்டாம்

வசை காதில் விழுந்ததும் பதிவுக் குறுக்குவிசையை அழுத்துங்கள். எழுத்தில் வந்திருந்தால் சாட் பெட்டியைத் திறந்து, பெயரும் செய்தியும் ஒரே படத்தில் வரும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அடுத்து ஸ்கோர்போர்டைத் திறந்து இன்னொரு படம். முதல் படம் சொன்னதைக் காட்டும், இரண்டாவது சொன்னவர் யார் என்பதைக் காட்டும். ஸ்கோர்போர்டு இல்லாத முதல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு திண்டாடுபவர்கள் ஏராளம்.

படம் எடுத்த கையோடு மியூட் செய்யுங்கள். மியூட் முதலில் என்றால் ஆதாரம் கிடைக்காது. பல கேம்களில் மியூட் செய்தவரின் பழைய வரிகளும் சாட்டிலிருந்து மறைந்துவிடும்.

குரலை மியூட் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்துச் சாட், பிங் (ஒலியோடு இடும் குறி), எமோட் (பாத்திரம் காட்டும் சைகை), சுவரில் அடிக்கும் ஸ்ப்ரே எல்லாம் வேறு வேறு வாய்க்கால்கள். குரலை மூடியதும் உங்கள் தலைமேல் 20 முறை பிங் அடிப்பது பழைய உத்தி. ஆகவே ஸ்கோர்போர்டில் அவர் பெயருக்கு எதிரே என்னென்ன சின்னங்கள் இருக்கின்றனவோ அத்தனையையும் அணையுங்கள். பெயரே வசையாக இருந்தால், பிற வீரர்களின் பெயரையும் படத்தையும் மறைக்கும் அமைப்பு சில கேம்களில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

பதில் சொல்லாதீர்கள் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. சீண்டுபவருக்கு வேண்டியது உங்கள் எதிர்வினைதான். ‘மியூட் பண்ணிட்டேன்’ என்று அறிவிப்பதும் ஓர் எதிர்வினை, வென்றுவிட்டதாக அவரை நினைக்கவைக்கும். இன்னொன்று, ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் சாட் முழுவதையும் பார்ப்பார். இரு பக்கமும் வசை இருந்தால் அதைச் சண்டை என்று எடுத்துக்கொண்டு இருவருக்கும் தண்டனை கொடுக்கலாம். அவர் 10 வரி எழுதி நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தாலும் அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. எரிச்சலில் ஒரு வார்த்தை விட்ட அணித்தோழர் என்றால், ‘இந்தப் பேச்சு வேண்டாம், ஆட்டத்தைப் பார்ப்போம்’ என்று ஒரே முறை சொல்லிப் பார்க்கலாம். பலர் அதோடு அடங்கிவிடுவார்கள், சிலர் மன்னிப்பும் கேட்பார்கள். இரண்டாவது முறை சொல்ல நேர்ந்தால் மியூட் செய்துவிடுங்கள்.

தாங்க முடியவில்லை என்றால் ஆட்டத்தை விட்டு வெளியேறலாமா? தரவரிசை ஆட்டத்தில் வெளியேறினால் புள்ளி குறையும், சில நிமிடங்கள் முதல் பல மணி நேரம் வரை தடையும் விழலாம். எல்லாவற்றையும் மியூட் செய்துவிட்டு முடிப்பது பெரும்பாலும் லாபம். ஆனால் கை நடுங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால் புள்ளி போனால் போகட்டும், வெளியே வாருங்கள்.

5. ரிப்போர்ட்: ஆட்டம் முடிந்த சூட்டோடு

ஆட்டம் முடிந்து வரும் முடிவுத் திரையிலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். அங்கிருந்து அனுப்பினால் அந்த ஆட்டத்தின் எண், சாட் பதிவு இரண்டும் தாமாக இணைந்துகொள்ளும். ஒரு வாரம் கழித்து உதவிப் பக்கம் வழியாக எழுதினால் எல்லாவற்றையும் நீங்களே தேடித் தர வேண்டும். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில், சர்வரை விட்டு வெளியேறும் முன்பே ‘பி’ விசையை அழுத்தி, வசை வரிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடுங்கள். அந்த ரிப்போர்ட் நிறுவனத்துக்குத்தான் போகும், சர்வரை நடத்துபவருக்குப் போகாது. அவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பெயரை நம்பாதீர்கள், அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைச் சில விநாடிகளில் மாற்றிவிடலாம், எண் மாறாது. ஸ்டீமில் அது 17 இலக்க எண். மொபைல் கேம்களில் ப்ரொஃபைலின் மேல்பகுதியில் எண்ணும் அதை நகலெடுக்கும் பொத்தானும் இருக்கும். டிஸ்கார்டில் மேம்பட்ட அமைப்புகளில் டெவலப்பர் பயன்முறையை இயக்கினால் பயனர் எண்ணையும் செய்தி எண்ணையும் நகலெடுக்கலாம்.

வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கோபத்தில், இருக்கிற எல்லாப் பெட்டியிலும் டிக் போடுவது, திட்டியவரை ‘ஏமாற்றி ஆடுகிறார்’ என்ற வகையில் ரிப்போர்ட் செய்வது இரண்டுமே உங்கள் ரிப்போர்ட்டைக் கெடுத்துவிடும். ஏமாற்று வகைக்குப் போனால் இலக்கு பார்ப்பதையும் அசைவையும் சோதிப்பார்கள், ஒன்றும் கிடைக்காது, கோப்பை மூடிவிடுவார்கள். சாட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

விவரப் பெட்டியில் என்ன எழுதுவது? பலர் எழுதுவது இப்படி இருக்கும்:

‘இவன் ரொம்ப மோசம். கேமே விளையாட விட மாட்டேங்கிறான். உடனே பேன் பண்ணுங்க.’

இதைப் படிப்பவருக்கு எங்கே தேடுவது என்று தெரியாது. இப்படி எழுதுங்கள்:

‘மூன்றாவது ரவுண்டு, ஆட்டம் தொடங்கி சுமார் 7 நிமிடம். வாய்ஸ் சாட்டில் எங்கள் அணியில் இருந்த ஒரு பெண்ணைப் பாலியல் வசைச்சொல்லால் இரண்டு முறை திட்டினார். நிறுத்தச் சொன்ன பிறகு அதே சொல்லை எழுத்துச் சாட்டிலும் போட்டார். பதிவு இணைத்துள்ளேன், 0:40 முதல் 1:05 வரை.’

நேரம், இடம், சொன்னது, எத்தனை முறை, ஆதாரத்தில் எந்த நொடி. உங்கள் உணர்ச்சியை அங்கே எழுத வேண்டாம். நீங்கள் பட்ட வேதனை உண்மைதான், ஆனால் முடிவெடுப்பவர் விதிமீறலைத்தான் தேடுகிறார். வசை தமிழில் இருந்தால் விவரத்தை ஆங்கிலத்தில் எழுதி, அந்தச் சொல் எதைக் குறிக்கிறது, ஏன் இழிவானது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். சாதி வசை என்றால் அந்த ஒரு வரி இல்லாமல் அது வெறும் பெயராகத்தான் அவர் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு ரிப்போர்ட் போதும். அதே சம்பவத்தை 15 முறை அனுப்புவதால் வரிசையில் முன்னுக்குப் போக மாட்டீர்கள். நடக்காத ஒன்றை நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கூட்டமாக ரிப்போர்ட் செய்வது பல கேம்களில் தண்டனைக்குரியது. சம்பவத்தைக் கேட்ட அணித்தோழர் தன் வார்த்தையில் தானே அனுப்பினால் அது வேறு விஷயம், அது உதவும்.

பதில் வராவிட்டால் ரிப்போர்ட் குப்பைக்குப் போனது என்று பொருளில்லை. பல கேம்கள் என்ன தண்டனை கொடுத்தோம் என்று சொல்வதில்லை. எக்ஸ்பாக்ஸில் 2023 முதல் ஒவ்வொரு மீறலுக்கும் ஸ்ட்ரைக் எனும் குற்றப் புள்ளி சேர்ந்துகொண்டே போகும். எட்டு சேர்ந்தால் சமூக வசதிகளிலிருந்து ஓர் ஆண்டு தடை. உங்கள் ரிப்போர்ட் அந்த எட்டில் ஒன்றாக இருக்கலாம்.

6. பிளாக்: கடைசியில்

பிளாக் செய்ததும் சில தளங்களில் அவருடைய ப்ரொஃபைல், செய்திகள், சமீபத்தில் ஆடியவர் பட்டியல் ஆகியவற்றை மறுபடி எடுப்பது சிரமம். அதனால்தான் இது ரிப்போர்ட்டுக்குப் பிறகு வருகிறது.

கேமில் பிளாக் செய்தால் கன்சோலிலோ ஸ்டீமிலோ டிஸ்கார்டிலோ பிளாக் ஆகாது. ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே செய்யுங்கள். பிளாக் செய்தவர் மறுபடி உங்கள் ஆட்டத்தில் வரவே மாட்டார் என்பதும் தவறான நம்பிக்கை. பெரும்பாலான கேம்களில் பிளாக் பேச்சைத்தான் தடுக்கும். ஓவர்வாட்ச், டோட்டா 2 போன்றவற்றில் அணித்தோழராக வராமல் தவிர்க்கத் தனிப் பட்டியல் இருக்கிறது. அதிலும் இடம் குறைவு என்பதால் உண்மையான தொல்லைக்காரர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

7. வசை வேறொருவர் மீது விழும்போது

நான்கு பேர் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதுதான் திட்டப்படுபவருக்கு அதிகம் வலிக்கும். திட்டுபவரோடு வாதாட வேண்டியதில்லை. திட்டப்பட்டவரிடம் பேசுங்கள்: ‘நல்லா ஆடுறீங்க, நான் ரெக்கார்ட் பண்ணிட்டேன், ரிப்போர்ட்டும் போடறேன்.’ அவர் ஒருவேளை பதிவு எடுத்திருக்க மாட்டார், உங்களிடம் இருப்பதே ஒரே ஆதாரமாக இருக்கலாம். ஆட்டம் முடிந்ததும் அவருக்கு அனுப்பிவையுங்கள். குரலை வைத்துப் பெண் என்று தெரிந்ததும் தொடங்கும் தொல்லையில் இந்த ஒரு வாக்கியம் பெரிய வேலை செய்யும்.

8. மிரட்டல், முகவரி வெளியீடு, பின்தொடர்தல்

‘உன் ஐபி என்னிடம் இருக்கிறது’ என்று மிரட்டினால் பதறாதீர்கள். ஐபி என்பது உங்கள் இணைய இணைப்பின் முகவரி எண். அதை வைத்து உங்கள் இணைய நிறுவனத்தையும் தோராயமான பகுதியையும்தான் கண்டுபிடிக்கலாம், வீட்டுக் கதவு எண் தெரியாது. அதிகபட்சம் இணைப்பைத் திணறடிக்கலாம். ரூட்டரைச் சிறிது நேரம் அணைத்துவைத்து இயக்கினால் பல இணைப்புகளில் ஐபி மாறிவிடும். மாறாவிட்டால் இணைய நிறுவனத்திடம் மாற்றித் தரக் கேளுங்கள். அவர் அனுப்பும் எந்த இணைப்பையும் சொடுக்காதீர்கள், ஐபியைப் பிடிக்க அதுவே எளிய வழி.

உங்கள் உண்மைப் பெயர், முகவரி, போன் எண், குடும்பத்தினர் படம் ஆகியவற்றில் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டால் நிலைமை வேறு. முதலில் முழுத் திரையும் தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுங்கள். இணைய முகவரி இருந்தால் அதையும் நகலெடுத்துவையுங்கள். கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு அடுக்குப் பாதுகாப்பை இயக்குங்கள், மின்னஞ்சலில் தொடங்குங்கள். பிறகு வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். கேம் நிறுவனம் ஆளின் விவரத்தை உங்களிடம் தராது, காவல்துறை முறைப்படி கேட்டால் தரும். ஆகவே புகாரில் அடையாள எண்ணும் ஆட்டத்தின் நேரமும் இருக்கட்டும்.

விளையாட்டுத் தகராறுதானே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 டிசம்பரில் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில், கால் ஆஃப் டியூட்டி தகராறு ஒன்றில் பொய்த் தகவல் சொல்லி ஒரு முகவரிக்குப் போலீஸை வரவழைத்தார்கள். ஆட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் அங்கே சுடப்பட்டு இறந்தார்.

9. சொந்தக் குழுவோ டிஸ்கார்ட் சர்வரோ நடத்துபவர்களுக்கு

விதிகளை ஐந்தாறு வரிகளில் எழுதுங்கள். ‘மரியாதையாக நடக்கவும்’ என்பதை வைத்து யாரையும் வெளியேற்ற முடியாது. ‘சாதி, மதம், பாலினத்தைக் குறிவைத்த சொல்லுக்கு முதல் முறையே நீக்கம்’ என்பதை வைத்து முடியும்.

டிஸ்கார்டில் சரிபார்ப்பு நிலையை ‘உயர்’ என்று வைத்தால், சேர்ந்து 10 நிமிடம் ஆகாதவர் எழுத முடியாது. கூட்டமாகப் புகுந்து வசை கொட்டுபவர்களுக்கு அந்தக் காத்திருப்பு பிடிக்காது. செய்திகளைத் தானாகத் தடுக்கும் ஆட்டோமாடில் தடைச்சொற்களைச் சேர்க்கும்போது நட்சத்திரக் குறியைக் கவனமாகப் போடுங்கள். சொல்லின் இரு பக்கமும் போட்டால், அந்த எழுத்துகள் உள்ளே வரும் சாதாரணச் சொற்களும் தடைபடும். அப்படிச் சிக்கும் சொற்களை அனுமதிப் பட்டியலில் போட்டுவிடலாம்.

சர்வரைக் கண்காணிக்கும் மாடரேட்டர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை, வசைச் செய்தியைப் பார்த்ததும் அழித்துவிடுவது. அழித்த செய்தியை டிஸ்கார்டுக்கு ரிப்போர்ட் செய்ய முடியாது. ஆளை நீக்கும்போது பழைய செய்திகளையும் சேர்த்து அழிக்கவா என்று அது கேட்கும், அங்கேயும் அவசரத்தில் சரி என்று அழுத்திவிடுவார்கள். ஸ்க்ரீன்ஷாட், ரிப்போர்ட், அதன் பிறகு நீக்கம். கொதிப்பு அடங்கும்வரை தற்காலிகத் தடையையும், அந்த அறைக்குச் செய்திகளுக்கு நடுவே இடைவெளி விடவைக்கும் ஸ்லோ மோடையும் போட்டுவைக்கலாம்.

10. உங்கள் பிள்ளை விளையாடினால்

பிள்ளை வந்து ‘ஒருத்தன் திட்டுறான்’ என்று சொன்னதும் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை சொல்லவே மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மேலே சொன்ன வரிசையை ஒருமுறை அவர்கள் கையாலேயே செய்யவையுங்கள்.

வசையைவிட அதிகம் கவனிக்க வேண்டியது இனிமையாகப் பேசும் அந்நியர்களைத்தான். கேமுக்குள் இலவசப் பொருள் கொடுத்துவிட்டு வேறு செயலிக்கு வரச் சொல்வது, பேசியதை வீட்டில் சொல்லாதே என்பது, படம் கேட்பது ஆகிய மூன்றில் ஒன்று நடந்தாலும் உரையாடலை அழிக்காமல் போனை வாங்கி 8-ஆம் படிக்குப் போங்கள். அந்தரங்கப் படம் போய்விட்டது என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. படத்தை எங்கும் பதிவேற்றாமல், அதன் எண் அடையாளத்தை மட்டும் உங்கள் கருவியிலேயே உருவாக்கி, அதில் இணைந்துள்ள தளங்களுக்கு அனுப்பும். பணம் கேட்டு மிரட்டினால் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பார்கள். பிள்ளையிடம் முதலில் ‘உன்மேல் தப்பில்லை’ என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.